மார்கழி மாத வெறும் வயிறு

1971 டிசம்பர் 21, செவ்வாய்

இல்லை, டியூபை நான் ஒழுங்காகத்தான் கழுவியிருந்தேன். சின்னக் காஞ்சிபுரம் கோவிலில் பாசுரம் சொல்கிற பெரியவருக்கு, வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் இரண்டாம் தடவையாகச் சர்க்கரை எகிறிவிட்டது. ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு எங்கள் ஆஸ்பத்திரி லேபில் மேல்பயிற்சி எடுக்கிற மேடம், காலேஜைப் பாதியில் விட்ட என்னைத்தான் முறைத்தார்.

"டியூப்ல அழுக்கு. பெரிய டாக்டர்கிட்ட சொல்லி உன்னை அனுப்பிடுவேன்."

கோபத்தில் நேரே பெரியவரிடம் போனேன்.

"சாமி, காத்தால இன்னா சாப்டுக்கினு வந்தீங்க?"

"ஜலம்கூடத் தொடலப்பா."

"மெய்யாலுமா?"

"கோவில்ல சக்கரைப் பொங்கல் வாங்கிண்டேன். பெருமாள் பிரசாதம் ஆகாரத்துல சேருமா என்ன?"

மேடத்திடம் சொன்னேன். பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ரிஜிஸ்டரைப் புரட்டியதும் முகம் மாறிவிட்டது.

"மார்கழி பொறந்ததுலேர்ந்து எத்தனை பேர் இப்படி வந்தாங்களோ! எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். நீதான்பா கேக்கணும். எனக்கு இப்படிக் கேக்கத் தெரியல."

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு விடிவதற்குள் ரத்தம் எடுக்கப் பெரியவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் பொங்கல் வாங்கக் கோவிலுக்குக் கிளம்பிவிடுவார். சைக்கிளில் காற்று இருக்கிறதா தெரியவில்லை. பார்க்கணும், போகிறேன்.