கப்டன் குரலில் போனவர்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

மருந்துக்கடையில் சும்மா தந்த நாட்குறிப்புக் கொப்பி. திகதி எல்லாம் அச்சடித்து இருக்கிறது, எழுதாமல் விட்டால் வீண். இன்று கடும் குளிர். வேலை செய்கிற கட்டடத்தில் இரண்டு மாடி துடைத்தேன். முழங்கால் நோ. என்ரை மனிசன் ஜேசுரட்ணம் செத்துப்போய் நாளையோடு மூன்று மாதம்.

பெப்ரவரி 8, வியாழன்

பின்னேரம் மூன்று பத்துக்கு ரீவியில் பொலிஸ் கப்டன் தொடர். பழைய தொடர்தான், திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கப்டனாக வருவது வெண்டெல் கார்மோடி என்ற அமெரிக்க நடிகர். எண்பத்தாறில் ஜெர்மனிக்கு வந்து அகதிகள் தங்கும் ஹைமில் இருந்தபோது என்ரை மனிசன் அதைப் பார்த்துத்தான் டொச், அதாவது ஜெர்மன் மொழி, பழகினார். அமெரிக்காவிலும் டொச்தான் கதைக்கிறார்கள் என்று இரண்டு வருடம் நினைத்திருந்தார். வாய் ஒன்று அசையுது, சத்தம் வேறை வருதே என்று கேட்டால், "அமெரிக்கன் வாய் அப்பிடித்தான்" என்பார்.

அகதி விசாரணையில் அதிகாரி "ஏன் வந்தாய்?" என்று கேட்டாராம். இவர் நெஞ்சை நிமிர்த்தி, தனக்குத் தெரிந்த மரியாதையான வசனத்தைச் சொன்னார்: "இங்கே கேள்வி கேட்பது நான்." கப்டனின் வசனம். அதிகாரி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாராம்.

அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம் இவருடைய டொச் முழுக்க அந்தக் குரல்தான். அடித்தொண்டையில், ஆறுதலாக, ஆளைப் பிடித்து உள்ளே போடப்போகிற மாதிரி. பாண் வாங்கினாலும் அப்படித்தான்.

பெப்ரவரி 20, செவ்வாய்

எழுதலாமோ தெரியாது.

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். நடைப்பக்கம் இருந்து டொச்சில் கேட்டது: "யார் அங்கே?" கப்டன் குரல். "நான்தான்" என்று சொல்லிக்கொண்டு கையைத் துடைத்தபடி வந்தேன். ரீவி கறுப்பாக இருந்தது. வயர் சுவரில் இல்லை. காலையில் தூசு தட்டவென்று கழற்றியது நானே.

மேல்வீட்டு ரீவியாக இருக்கும்.

மேல்வீட்டில் ஒருவரும் இல்லை, அவர்கள் துருக்கி போய்விட்டார்கள்.

மார்ச் 1, வெள்ளி

இதையும் எழுதிவிடுகிறேன். ஆசுப்பத்திரியில் கடைசி ஒன்பது நாளும் அவர் தமிழ் பேசவில்லை. மருந்து அப்படி என்று டொக்ரர் சொன்னார். டொச்சில்தான், அதுவும் கப்டன் வசனங்கள். ஒரு நாள் என்னைப் பார்த்து "உங்கள் பெயர் என்ன, அம்மணி?" என்று கேட்டார். என்னை "நீர்" எண்டு கூப்பிட்ட மனிசன். பேரைச் சொன்னன். "எழுதிக்கொள்ளுங்கள்" எண்டு சுவருக்குச் சொன்னார். கடைசி நாள், "வழக்கு முடிந்தது." அவ்வளவுதான்.

என்னை அறிஞ்சவரோ? அறியாமலே போனவரோ? இதை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?

மார்ச் 17, ஞாயிறு

எசன் நகரில் இருந்து மகள் துஷானி வந்தாள். இந்த வாடகை வீட்டை விடுகிற கடிதத்தை எழுதியே கொண்டுவந்துவிட்டாள். நான் கையெழுத்து மட்டும் வைத்துவிட்டுத் தன்னோடு வந்து இருக்கவேண்டுமாம்.

"இஞ்சை தனிய இருந்து ஆரோடை கதைக்கிறியள் அம்மா?"

அப்பாவோடை எண்டு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அப்பாவின் குரல் இருக்கிறதா என்று கேட்டேன். ஃபோனில் மூன்று செய்தி வைத்திருக்கிறாள். மூன்றும் பேத்தி ஆதிரைக்கு அனுப்பியவை, மூன்றும் டொச், மூன்றும் கப்டன் பகிடி. தமிழில் ஒன்றும் இல்லை. "தமிழிலை ஏனம்மா ரெக்கோட் பண்ணுறது, எப்பவும் கேக்கிறது தானே" என்றாள். பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அவள் படுத்த பிறகு நினைத்துப் பார்த்தேன். என்னைத் தமிழில் கூப்பிட்ட சத்தம் எப்படி? பேர் சொல்லமாட்டார், "மெய்யே" என்றுதான் கூப்பிடுவார். "மெய்யே, தேத்தண்ணி இருக்கே?" சொல் வருகிறது. சத்தம் வரவில்லை. நினைக்க நினைக்க கப்டன்தான் வருகிறார்.

கையெழுத்து வைக்கவில்லை. அவர் இந்த வீட்டில்தானே கேட்கிறார். நான் போய்விட்டால் "யார் அங்கே?" என்று யாரைக் கேட்பார்?

ஏப்ரல் 11, வியாழன்

இன்று மூன்றாம் மாடியையும் எனக்குத் தந்தார்கள். படங்களுக்கு டொச் குரல் போடுகிற இடமாம். வாளியோடு நடந்து போகிறேன், தடித்த கதவுக்குப் பின்னால் அவர் பேசுகிறார். என்ரை மனிசன். "யார் அங்கே?" என்கிறார். நிறுத்தி, திரும்பவும் "யார் அங்கே?" நாலு தரம், நாலும் ஒரே மாதிரி.

வாளி கவிண்டுபோச்சு. சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. மெலிந்த கிழவர், கையில் கண்ணாடி, கம்பளிச் சட்டை. "அவசரம் வேண்டாம், அம்மணி" என்றார். அந்தக் கிழட்டு வாய்க்குள் இருந்து ஜேசுரட்ணம்.

ஏப்ரல் 18, வியாழன்

அங்கே ஒலிப்பதிவு செய்கிற பெண் யூலியா எனக்குக் கோப்பி போட்டுத் தந்து விளங்கப்படுத்தினாள். கிழவர் பெயர் லோமன். நாற்பது வருடமாகக் கார்மோடியின் டொச் குரல் இவர்தான். நல்ல பிள்ளை, என்னை ஒரு விசரி மாதிரிப் பார்க்கவில்லை.

லோமன் தானும் வந்து இருந்தார். கார்மோடியை ஒரு நாளும் கண்டதில்லையாம். ஆனால் அவரைப் பற்றி எல்லாம் தெரியும். தகப்பன் ரயில் பெட்டி திருத்துகிறவர். முதலில் படங்களில் குதிரையில் இருந்து விழுகிற வேலை, முகம் கூடக் காட்டமாட்டார்கள். பிறகு பதினொரு வருடம் கப்டன். பிறகு குடி, மூன்று கலியாணம், தலைமயிர்ச் சாய விளம்பரம். எழுபது வயதில் ஒரு குடும்பத் தொடரில் தாத்தாவாகத் திரும்பி வந்தார்.

"அவருக்கு வேலை இல்லாத வருடங்களில் எனக்கும் வேலை இல்லை. ஒரு முறை நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர் செத்தால் இங்கே என் வாயும் மூடும்."

நான் ஜேசுரட்ணத்தின் விசாரணைக் கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டிருக்கக் கூடாது.

ஏப்ரல் 25, வியாழன்

ஜேசுரட்ணம் என்னைக் கூப்பிடுகிற தமிழ் வசனத்தை லோமனுக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் தன் எழுத்தில் எழுதி, கண்ணை மூடி, வாய்க்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தார். தொழில்காரன். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், யூலியா விளக்கைக் குறைக்க, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மெய்யே, தேத்தண்ணி இருக்கே?"

ஒரு எழுத்துப் பிழை இல்லை. அது அவரில்லை. அவரின்ரை தோலைப் போத்துக்கொண்டு ஆரோ நிக்கிறான். மெய்யே எண்டு என்னைக் கைது பண்ணுறான்.

நன்றி சொல்லிவிட்டு வந்து கழிவறையில் அழுதேன். அவருடைய சத்தம் அதுவல்ல என்று தெரிகிறது. அது எது என்று தெரியவில்லை.

மே 9, வியாழன்

வீட்டில் அந்தக் குரல் இன்று இரண்டு தரம். காலை பத்துக்கும் பின்னேரம் நாலுக்கும். இப்போது "யார் அங்கே?" இல்லை. "உங்கள் பெயர் என்ன, அம்மணி?"

கதிரையில் இருந்தபடி சொன்னேன். பேர்பெச்சுவா. ஜேசுரட்ணம் பேர்பெச்சுவா. உங்கடை மனிசி.

எழுதிக்கொள்ளுகிறாரோ?

மே 10

ஒன்றும் இல்லை.

ஜூன் 12, புதன்

கார்மோடி செத்துப்போனார். எண்பத்தெட்டு வயது. பின்னேரச் செய்தியில் படம் காட்டினார்கள்: குதிரை, தொப்பி, கப்டன் சட்டை, தாத்தா. கடைசியில் ஒரு பழைய பேட்டி. குரல் மாற்றாமல் அப்படியே விட்டு, கீழே டொச் எழுத்து ஓடவிட்டார்கள். அந்த மனிதரின் சொந்தக் குரலை நான் கேட்டது இதுதான் முதல் தரம்.

மெல்லிய குரல். மூக்கால் வருகிறது. "விழ ஆள் வேண்டுமென்றார்கள், விழுந்தேன்" என்று கீழே எழுத்து ஓடியது. வசனத்தின் நுனியில் சத்தம் உடைந்து மேலே போகிறது, கேட்கலாமோ கூடாதோ என்று பயந்து கேட்கிற மாதிரி.

இவ்வளவு தடித்த ஆளுக்கு இவ்வளவு சின்னச் சத்தமா என்று நினைத்த உடனே —

மெய்யே.

ஜேசுரட்ணமும் இப்படித்தான், மூக்கால். நுனி உடைந்து. தேத்தண்ணி கேட்கவே வெட்கப்படுகிற மனிசன். சொந்தச் சத்தத்தில் அதிகாரிமாரோடு பேசப் பயந்துதான் அந்தத் தடித்த குரலைச் சட்டை மாதிரி எடுத்துப் போட்டிருக்கிறார். வீட்டுக்குள் வந்தால் சப்பாத்தோடு கழற்றிவிடுவார். இவ்வளவு நாளும் நான் தேடினது அந்தச் சட்டையை.

ஆசுப்பத்திரியில் என்னைப் பெயர் கேட்டதும் அந்தச் சட்டைதான். பயந்துபோய் அதைப் போட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார், பாவம்.

ஜூன் 13, வியாழன்

வீட்டை விடுகிற கடிதத்தில் கையெழுத்து வைத்துத் தபாலில் போட்டேன். லோமனுக்கு ஒரு பெட்டி வடை கொண்டுபோனேன். கறுப்புச் சட்டை போட்டிருந்தார். கையைப் பிடித்தார்.

ஒக்ரோபர் 1, செவ்வாய். எசன்

மூன்று பத்து. துஷானி வீட்டு ரீவியில் கப்டன் யாரையோ பிடித்து உலுக்குகிறார். "நிப்பாட்டட்டோ அம்மா?" என்று கேட்டாள். "விடு பிள்ளை, அது ஆரோ ஒரு பொலிஸ்காரன்" என்றேன். அவள் ஆதிரையைக் கூட்டிவரப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்.

குசினியில் தண்ணீர் கொதித்தது. என் முதுகுக்குப் பின்னால், கதவு நிலையடியில், மெல்லியதாக:

"மெய்யே?"

திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு கோப்பை எடுத்தேன்.

"இருக்கு. இருங்கோ, வாறன்."