நிற்கிற செடிக்குத்தான் குத்தகை

14 நவம்பர் 1955

மூன்றாம் சுற்று ஏலக்காய் எடுப்பு நடக்கிறது. காலெல்லாம் அட்டைக் கடி. காய் எடுக்க வரும் மருதாயி புகையிலைத் தண்ணீரை என் காலில் அப்பிவிட்டு, "செருப்புப் போட்டு மலையேறுற ஆளுக்கு இதான் சரி" என்று சிரித்தாள். காய் நல்ல பருமன். வீட்டுக்காரர் இறந்தபின் நான் ஒற்றையாய் எடுக்கும் இரண்டாவது மகசூல். பொம்பளைக்கு எதற்கு மலங்காடு என்று கேட்ட வாய்களெல்லாம் இப்போது போடியில் என்னைப் பார்த்தால் வேறு பேச்சுப் பேசுகின்றன.

ஆடியில் எழுதிக் கொடுத்த குத்தகை முச்சலிக்காதான் இன்னும் உறுத்துகிறது. "தெய்வீக ராஜீகத்தால் என்ன சேதம் வந்தாலும் குத்தகைக் காயைக் குறைக்கக் கேட்கமாட்டேன்" என்று அதில் ஒரு வரி. மழை, காற்று, இடி எல்லாம் தெய்வீகம். சர்க்கார் செய்வது ராஜீகம். ராஜாக்கள் போய் எத்தனை வருடமாச்சு! அந்த வரியை எடுக்கச் சொன்னேன். காட்டுச் சொந்தக்காரர் தங்கபாண்டியன் முதலாளி சிரித்தார்.

"எங்கப்பா காலத்துலருந்து எல்லாரும் எழுதிக் குடுக்குறதும்மா. தெய்வத்துக்கு நான் ஜவாப் சொல்ல முடியுமா?"

அப்போ நான் மட்டும் சொல்லணுமா? கேட்டேவிட்டேன். இஷ்டமில்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்றார். கையெழுத்துப் போட்டேன்.

29 நவம்பர்

காற்று ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆட்களை மத்தியானத்தோடு ஏறக் கட்டச் சொல்லிவிட்டேன்.

2 டிசம்பர்

காற்று அடங்கும்வரை, காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் எல்லோரும் அடைந்து கிடந்தோம். கூரைத் தகரம் பறந்துவிட்டது. நான் ஜெபம் சொன்னேன், மருதாயி கருப்பசாமியைக் கூப்பிட்டாள். யார் கேட்டாரோ, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

விடிந்து வெளியே வந்தால் — இதுவா என் காடு? நிழல் மரங்கள் வேரோடு சாய்ந்து செடிகள் மேல் கிடக்கின்றன. மேட்டுச் சரிவில் எங்கே பார்த்தாலும் வானம். முற்றாத காய் சரம் சரமாகச் சேற்றில். உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது.

3 டிசம்பர்

ஏலத் தூர் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். தட்டையெல்லாம் நசுங்கியிருந்தாலும் கிழங்கு உயிரோடு இருக்கிறது! மேலே கிடக்கும் மரத்தை வெட்டி உருட்டிவிட்டு, வெயில் படாமல் தழைப் பந்தல் போட்டால் துளிர்க்கும். அப்படியே விட்டால் அழுகிவிடும்.

ஆனால் கோடாலி எடுக்கக் கூடாது. இந்தக் காட்டில் எந்த மரம் சாய்ந்தாலும் முதலாளி வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் வந்து தேங்காய் உடைத்து முதல் வெட்டு வெட்ட வேண்டும். அதற்கு முன் சுள்ளி ஒடித்தாலும் குத்தகைக்காரர் காட்டைவிட்டு இறங்க வேண்டியதுதான். மரத்தைக் களவாக வெட்டிவிட்டுக் காற்றின் மேல் பழி போடுவோமாம். அவருடைய அப்பா வைத்த வழக்கம். அந்தப் பெரிய மனுஷர் இந்தக் காற்றைப் பார்த்ததில்லை.

6 டிசம்பர்

குரங்கணி வரை நடந்து, லாரி பிடித்துப் போடிக்குப் போனேன். தன் ஏலக்காய்க் கடையில் முதலாளி காய் தரம் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெரசா ஒரு நடை வந்து முதல் வெட்டுப் போட்டுருங்க முதலாளி. மிச்சச் சோலியை நான் பாத்துக்கிறேன்."

"பாதையெல்லாம் உடைஞ்சு கிடக்காம்ல. மார்கழி போகட்டும், மர யாவாரியைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் ஒருத்தரும் மரத்தைத் தொடப்படாது."

"அதுக்குள்ள செடி அழுகிருமே!"

"தெய்வச் செயலுக்கு என்னம்மா செய்ய? நீதான எழுதிக் குடுத்திருக்க. தை பொறந்ததும் குத்தகைக் காய் முழுசா வந்துரணும்."

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "காத்துல மரம் சாஞ்சது தெய்வச் செயல். சரி. நீங்க வராம செடி அழுகினா, அதுவும் தெய்வச் செயலா?" என்று கேட்டேன். காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். முதலாளி தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

12 டிசம்பர்

வரவில்லை. ஒரு தகவலும் இல்லை. பக்கத்துச் சரிவு ஜக்கையன் அண்ணன் வந்திருந்தார். அவருக்கும் இதே முதலாளி, இதே முச்சலிக்கா. அங்கேயும் மரம் விழுந்து கிடக்கிறது.

"வழக்கத்தை மீறிராத தங்கச்சி. பெரிய இடம். வருவாரு."

"செடி அழுகின பெறகு வந்து என்னண்ணே செய்ய, கருமாதியா?"

மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நல்லவர். அவருடைய பயம் எனக்கும் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கண்முன் அழுகுகிறதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?

14 டிசம்பர்

வெட்டிவிட்டேன்!

ஆட்கள் தயங்கி நின்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, நாளைக்கு அவர்களும் பிழைக்க வேண்டுமே. கோடாலியை நானே வாங்கினேன். முதல் வெட்டு சரியாகவே விழவில்லை, பட்டைதான் பெயர்ந்தது. மருதாயி மட்டும், "ஆத்தா, ஒரு தேங்காயை ஒடைச்சிருவோம். சாமி கோவமும் நமக்கெதுக்கு" என்றாள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. சரி, உடை என்றேன். உடைத்து ஆளுக்கொரு சில்லு தின்றுவிட்டு வேலையில் இறங்கினோம்.

மரத்தில் ஒரு விறகுகூட எனக்கு வேண்டாம். துண்டு போட்டுப் பாதையோரம் அடுக்கி வைப்பேன். மரம் அவருடையது, வந்து எடுத்துக்கொள்ளட்டும். செடி என்னுடையது.

22 டிசம்பர்

முதலாளியின் கணக்குப்பிள்ளை உக்கிரபாண்டி மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"முதல் வெட்டு வெட்டுனது யாரு?"

"நான்தான்."

"பொம்பளையா!"

"ஒங்க முதலாளி வீட்டு ஆம்பளைக யாரும் வரலியே, கணக்குப்பிள்ளே."

சித்திரைக்குள் காட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அவரே வந்து சொல்லட்டும் என்றேன். வழி தெரியாவிட்டால் மருதாயியை அனுப்பி வைக்கிறேன் என்றும் சொன்னேன். மருதாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிவிட்டாள்.

25 டிசம்பர்

பண்டிகை. கோயிலுக்குப் போகவில்லை. தழைப் பந்தல் கட்டினோம். கர்த்தருக்குத் தெரியும்.

18 ஜனவரி 1956

கிடைத்த காயை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கடையில் இறக்கினேன்.

"மிச்சத்தையும் கொண்டா. அப்பத்தான் வரவு வைப்பேன்."

"நின்ன செடி குடுத்தது இவ்வளவுதான் முதலாளி. விழுந்த செடியைப் போய்க் கேளுங்க."

"வக்கீல் நோட்டீசு வரும்."

"வரட்டும். முதல் வெட்டுக்கு ஏன் வரலன்னு வக்கீலுக்கு முன்னாடி சொல்லுங்க."

மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு நிமிர்ந்துதான் வந்தேன். லாரியில் ஏறி உட்கார்ந்ததும்தான் பயம் பிடித்துக்கொண்டது. காடு போயிருச்சுன்னா? எங்கே போவேன்? கூடப்பிறந்த அண்ணன் வீட்டு அடுப்படிதான். மதினி தட்டில் போடுகிற சோற்றுக்குக் காத்துக்கிட்டுக் கிடக்கணும். மாட்டேன். முடியவே முடியாது.

11 மார்ச்

கோடை மழை ஒன்று பெய்தது. பந்தலுக்கடியில் குனிந்து பார்த்தேன். துளிர்! ஒவ்வொரு தூரிலும் விரல் தண்டிக்கு, சிவப்பும் பச்சையுமாக. மருதாயியைக் கத்திக் கூப்பிட்டேன். பாம்பென்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தாள்.

ஜக்கையன் அண்ணன் சரிவில் ஒன்றுமில்லை. முதலாளி கடைசிவரை வரவே இல்லை. மர வியாபாரி வந்து பார்த்து, ஈரத்தில் கிடந்த மரம் உளுத்துவிட்டது என்று திரும்பிவிட்டான். தூரெல்லாம் கையில் எடுத்தால் கூழாக வருகிறது. அண்ணன் காட்டை விட்டுவிட்டுத் தேவாரம் ஊர்ப் பக்கம் கூலிக்குப் போய்விட்டார். வழக்கத்தை மீறாத மனுஷருக்குக் கிடைத்தது இது. பற்றிக்கொண்டு வருகிறது.

2 ஏப்ரல்

மறுபடி உக்கிரபாண்டி. குரல் ரொம்பத் தணிந்திருந்தது. காலியாகக் கிடக்கும் சரிவுகளில் ஆனி மழைக்கு நடவு செய்தாக வேண்டுமாம். முதலாளியின் காடுகளில் என்னிடம் மட்டும்தான் உயிருள்ள தூர் இருக்கிறது. பிரித்து நடக் கொடுக்க வேண்டுமாம்.

"காலி பண்ணச் சொன்னீங்களே?"

"அது... கோவத்துல சொல்றதுதான."

"தூர் யாருது கணக்குப்பிள்ளே?"

"ஒங்களுதுதான். செடி குத்தகைக்காரருக்கு, மரம் முதலாளிக்கு."

"அப்ப அவரே வந்து கேக்கட்டும்."

9 ஏப்ரல்

வந்தேவிட்டார்! வேட்டியெல்லாம் மண். குரங்கணியிலிருந்து ஏறியதில் முகம் வெளிறிப்போயிருந்தது. நான் அடுக்கிவைத்த அவருடைய மரத்துண்டின் மேலேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பந்தல்களை வெகுநேரம் பார்த்தார்.

"சரிம்மா. தூருக்கு என்ன கேக்குற?"

"அந்த வரியை எடுக்கணும். காத்து மழையில சேதம் வந்தா நீங்களும் காட்டுக்கு வந்து பாக்கணும். நிக்கிற செடிக்குத்தான் குத்தகை. இந்த வருசத்துப் பாக்கிக்கும் நான் குடுக்குற தூருக்கும் சரியாப் போச்சு. அப்புறம் ஜக்கையன் அண்ணனுக்கும் இதே மாதிரி எழுதி, கூப்பிட்டுக் காட்டைக் குடுங்க."

"அவன் என்ன ஒனக்குச் சொந்தமா?"

"ஒங்க பேச்சைக் கேட்டுக் கெட்டவரு."

எழுந்து போய்விட்டார். சம்மதமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதிகம் கேட்டுவிட்டேனா? இருக்கட்டும். குறைத்துக் கேட்டிருந்தால் அதையும் குறைத்திருப்பார்.

21 மே

போடியில் பத்திரம் எழுதி முடிந்தது. எனக்கொன்று, ஜக்கையன் அண்ணனுக்கொன்று. அண்ணன் நேற்றே தேவாரத்திலிருந்து வந்துவிட்டார். நான் சொன்னபடிதான் எழுதியிருக்கிறது, எழுத்தர் வாசிக்க வாசிக்க இரண்டு தரம் கேட்டேன்.

இது முச்சலிக்கா இல்லை. முச்சலிக்கா என்றால் நாங்கள் மட்டும் எழுதிக் கொடுப்பது. என் மாமனார் காலத்திலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம், அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒருவரும் ஒரு எழுத்து எழுதித் தந்ததில்லை. இன்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை அவர் பக்கம் தள்ளினேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து போட்டார்.

அவருடைய கையெழுத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். கோழி கிளறினது மாதிரி இருக்கிறது.