மூலைக் கம்ப்யூட்டர்

நாமக்கல்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கோகிலவாணிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். முறிந்த உன் மணிக்கட்டில் வைத்த பிளேட் உறுத்துகிறது என்று நம் மகள் சௌமியா சொன்னாள். பெங்களூர்க் குளிரில் கையைப் போர்த்தியே வைத்துக்கொள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். நேற்று நீ முந்திக்கொண்டாய். "திங்கக்கெழம வந்து வக்கீல் ஆபீசுல வாபஸ் கையெழுத்துப் போட்டுர்றேனுங்க. என் கேசு போனாப் போவுது. எனக்காக அடிச்சுப்போட்டு நீங்க உள்ள போவ வேண்டாம்" என்று அழுதாய். நாளைக்குச் சென்றாயன் லாரி பெங்களூர் வருகிறது. அவனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

கல்லூரியில் உன் லைப்ரரி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அங்கே கூட்டிப் பெருக்கும் அத்தாயி நம் டயர்க் கடைக்கு வந்திருந்தாள். "அம்மாவோட ரத்தம் தரையில அப்பிக் கெடக்குதுங்க, பினாயிலு ஊத்தித் தேச்சும் போவல" என்றாள். அப்புறம் சிரித்தாள். "கட்டையில போறவனுங்க ஏழு கம்ப்யூட்டர் பொட்டிய ஒடச்சானுங்க. கொல்லிமலப் புள்ளைக அம்மா குடுத்த பாஸ்வேர்ட்ட வெச்சு ஊட்டுல இருந்தே செல்லுல படிக்குதுங்க. ஒடச்சு என்னத்தக் கண்டானுங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்: வெளிநாட்டுப் பத்திரிகைகள் அலமாரியில் இல்லை, இன்டர்நெட்டில் இருக்கின்றன, டாக்டர் பட்ட ஆய்வேட்டைத் திருட்டுப் பிடிக்கும் சாப்ட்வேரில் ஏற்றினால், எந்த வரியை எவனிடம் சுட்டான் என்று அதுவே காட்டிக்கொடுக்கும், அந்த அறிக்கை நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும் என்று. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன். என் புத்தி டயர்க் குடோன் புத்தி. குடோனைக் கொளுத்தினால் சரக்கும் போய்விடும் என்றுதான் எனக்குத் தெரியும்.

இனிமேல் எழுதுவது போலீசில் நீ கொடுத்த புகாரில் இல்லாதது. உனக்கே தெரியாதது.

கல்லூரி முதலாளியின் மருமகன் சின்னராஜின் ஆய்வேட்டில் எழுபத்தொரு சதவீதம் திருட்டு என்று நீ கண்டுபிடித்த வாரம், கல்லூரி பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் தங்கசாமி நம் கடைக்கு வந்தான். நம்மிடம் டயர் எடுக்கிற ஆள்தானே என்று நாற்காலி போட்டேன். "ஏனுங்க மொதலாளி, உங்க ஊட்டுக்காரம்மா புடிச்ச புடியில நிக்கிறாங்க. டாக்டர் பட்டம் வராட்டி சின்னராஜுக்கு ஜூன்ல பிரின்சிபால் நாற்காலி கெடையாது. பசங்க கொதிச்சுப்போயிக் கெடக்கறானுங்க. ரோட்டுல மறிச்சு மூஞ்சியில ஆசிட்டு ஊத்தோணுங்கறானுங்க. அம்மா மேல கை படாம முடியோணும்னா நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்" என்றான்.

நான் வழி சொன்னேன் கோகிலம். மூலையில் உன் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் எல்லாம் இருக்கும், புதன்கிழமை ஒரு மணிக்கு நீ சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவாய், பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றில் போடட்டும், ஆளைத் தொடக்கூடாது என்றேன். அவன் கை கொடுத்தான். நம் தொழிலில் கை கொடுத்தால் பேச்சு முடிந்தது. அந்தப் பழக்கத்தில் நம்பினேன்.

புதன்கிழமை நான் வீட்டில் சோறு போட்டுக் காத்திருந்தேன். கொல்லிமலை மாணவி ஒருத்திக்கு ஏதோ கட்டுரை இறக்கித் தர நீ அங்கேயே நின்றுவிட்டாய். இரண்டு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. பைக்கை எடுத்திருந்தால் பத்து நிமிஷம். எடுக்கவில்லை. நான் அங்கே போனால், சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று வெளிப்பட்டுவிடுமே என்று பயம்.

அன்று வந்த நாலு பேரிடமும் நீ சொன்னதை அத்தாயி அப்படியே சொன்னாள். "இதுல ஒண்ணுமே இல்லீங்க தம்பி, ரிப்போர்ட்டு நேத்தே யுனிவர்சிட்டிக்குப் போயிருச்சு. பொட்டிய ஒடச்சு என்ன ஆவப்போவுது?" அதைக் கேட்டுத்தான் சின்னராஜ் வெறிபிடித்து ஜாக்கிக் கம்பியை உன் கை மேல் இறக்கினான். மறுபடியும் இறக்கினான். தங்கசாமி உன் கூந்தலைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான். மற்ற இரண்டு பேரும் ஒவ்வொரு திரையாக உடைத்துக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் கழித்து, ஜாமீனில் வந்த தங்கசாமி நம் கடை வாசலில் வந்து நின்றான். என் காதோரம் குனிந்து, "நேரஞ் சொன்னவரே நீங்கதானுங்களே மொதலாளி. நான் மட்டும் உள்ள போவ மாட்டேன்" என்றான். டயர் கழற்றும் லிவரை எடுத்தேன். முதல் அடி முழங்காலில்; முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தவனை வாயில் அடித்தேன். மறுபடியும் வாயிலேயே அடித்தேன். பல் தெறித்துப் பஞ்சர் பார்க்கும் தொட்டியில் விழுந்தது, தண்ணீர் சிவந்தது. டிரைவர்கள் வந்து பிடித்திருக்காவிட்டால் அவன் செத்திருப்பான்.

பெண்டாட்டிக்காக அடித்த ஆம்பிளை என்று டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய். நான் உனக்காக அடிக்கவில்லை. அவன் வாய் பேசக்கூடாது என்று அடித்தேன்.

நம் வக்கீல் சின்னுசாமி, "தங்கசாமிய அடிச்சதுக்கு உங்க மேல போட்ட கேச அவங்களும் வாபஸ் வாங்கறாங்க, அம்மாவும் வாங்கட்டும், சமமாப் போயிருமுங்க" என்கிறார். வேறு எதுவாக இருந்தாலும் நானே பேசி முடித்திருப்பேன். இதில் நீ கையெழுத்துப் போட்டால், அந்த எழுபத்தொரு சதவீதமே நீ பகையில் கட்டிவிட்டது என்பார்கள். ஜூனில் சின்னராஜ் அந்த நாற்காலியில் உட்காருவான். உன் கையை உடைத்தவனுக்கு நீ வணக்கம் வைக்க வேண்டியிருக்கும்.

இன்று காலை ஸ்டேஷனுக்குப் போய், வழி சொன்னது முதல் லிவர் வரைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, "யோசிச்சுத்தான் எழுதிக் குடுக்கறீங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். கூப்பிடும் வரைக்கும் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். இனி நீ கையெழுத்துப் போட்டாலும் என்னைக் காப்பாற்ற முடியாது.

திங்கட்கிழமை வராதே, சாமி. சாட்சிக்குக் கூப்பிடும்போது வா. கோர்ட்டில் உன்னிடம் கேட்பார்கள், யார் யார் என்று. ஐந்து பேரையும் காட்டு. என் முகத்தைப் பார்த்துத் தயங்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முருகானந்தம்.