காய்ச்சல் இருக்கும் வரை

மார்ச் 4

அணிலின் அப்பாவுக்கு,

காய்ச்சல் வந்தால் மட்டும் நம் பெண் அணில் ஏன் பேசுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் என்றால் இரண்டாவது நிமிடத்தில் சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். போன செவ்வாய் அவளுக்கு நூற்றொன்று. பதினொரு வயதாகியும் யாரையும் தொடவிடாதவள், "தண்ணி", "வேணாம்" தவிர வாய் திறக்காதவள், தானே வந்து என் மடியில் தலை வைத்தாள். "அம்மா, ஃபேன் சத்தம் போடுது, நிறுத்து" என்றாள். பிதற்றல் இல்லை, ஃபேன் உண்மையிலேயே சத்தம் போட்டது. மருந்து கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. சாயங்காலம் பழையபடி பீரோ இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் லேப் டாக்டரிடம் கேட்டேன். கிருமியோடு போராடும்போது உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சில மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. அவற்றில் ஒன்றிரண்டு மூளையிலும் வேலை செய்கின்றன. ஒதுங்கியே இருந்த சில எலிகள் அதனால் மற்ற எலிகளிடம் நெருங்கிப் போயினவாம். "அதுக்காக எலியையும் பொண்ணையும் ஒண்ணாக்கிடாதீங்கம்மா" என்றார். நானும் ஆக்கவில்லை. அந்த மாதிரி மூலக்கூறுகளைத்தான் பதினெட்டு வருஷமாக ரத்தத்தில் அளந்து எண்ணாக எழுதித் தருகிறேன். ஒரு எண் எழுந்து வந்து மடியில் தலை வைக்கும் என்று நினைத்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணிலின் அம்மா

மார்ச் 9

அன்புள்ள லேப் புரொபசருக்கு,

உன் கடிதம் லேப் ரிப்போர்ட் மாதிரியே இருக்கிறது. கீழே சீல் ஒன்றுதான் குறைச்சல். ஆனாலும் நாலு தடவை படித்தேன். பாலத்துக்கு ஏழாவது தூண் எழும்புகிறது. சைட்டில் எல்லாரும், "என்ன சார், லவ் லெட்டரா?" என்று கிண்டல். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் மருந்து கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு. மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவேன். அவள் 'அப்பா' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. உனக்காவது ஒரு ஃபேன் கிடைத்தது.

அவளுக்கு என் முத்தம். தூரத்திலிருந்துதான், அதுதானே அவளுக்குப் பிடிக்கும்.

அணிலின் அப்பா

மார்ச் 14

அணிலின் அப்பாவுக்கு,

நாலு வயதிலும் ஆறு வயதிலும் காய்ச்சல் ஏறித்தான் அவளுக்கு வலிப்பு வந்தது. மறந்துவிட்டீர்களா? நூறைத் தொட்டதும் மருந்து என்பது டாக்டர் உத்தரவு. நீங்கள் வரும்வரை ஆறாமல் மூடி வைக்கக் காய்ச்சல் என்ன காபியா?

இன்னொன்றும் சொல்கிறேன். காய்ச்சல் இல்லாத அணிலைப் பார்க்க வர பஸ் ஓடவில்லையா? ஒன்றரை வருஷத்தில் இரண்டு தடவை வந்தீர்கள்.

அணிலின் அம்மா

மார்ச் 27

அணிலின் அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். அவள் தூங்குகிறாள். ஆபத்து இல்லை என்கிறார்கள். முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், மீதியை மெதுவாகப் படிக்கலாம்.

இன்று காலை எட்டரைக்கு நூறு. லேபுக்கு லீவு சொன்னேன். மருந்தை மூடியில் ஊற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் இன்னொரு கையைப் பிடித்து, "அம்மா, உன் கை சில்லுனு இருக்கு. எடுக்காதே" என்றாள். மூடியை மேஜையில் வைத்தேன். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன்.

பதினொன்றரை வரை பேசினோம். பள்ளிக்கூட மணி அவளுக்குக் காதில் குத்துகிறதாம். பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு எப்போதும் மூக்கு ஒழுகுமாம். "சொன்னா அழுவா. அதான் சொல்லல" என்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அப்புறம், "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

"தூண் கட்டி முடிச்சதும்."

"இன்னும் எத்தனை தூண்?"

உங்களைத்தான் கேட்க வேண்டும். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. நீங்கள் வருவதற்குள் பேச்சு நின்றுவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பங்கு கொடுக்க மனம் வரவில்லை.

தெர்மாமீட்டரைக்கூட மறுபடி வைத்துப் பார்க்கவில்லை, அளப்பதையே தொழிலாக வைத்திருப்பவள். பதினொன்று முப்பத்தைந்துக்கு அவள் கண் மேலே செருகியது. நாலு நிமிடம் வலிப்பு. இங்கே வந்து பார்த்தால் நூற்றுநாலு. "மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?" என்று நர்ஸ் கேட்டாள். "கொடுக்கல" என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

உங்களைத் திட்டினேனே, அதே காரியத்தை உங்களுக்குச் சொல்லாமலே செய்தேன்.

மார்ச் 28

நேற்று இதைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. இன்று நடந்ததையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

காலையில் காய்ச்சல் இல்லை. கையை நீட்டினேன். அவள் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தேன். வலிப்பு வந்தது என்று மட்டும் சொன்னேன். ஒன்றரைக்கு வந்துவிட்டீர்கள். அவள் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நாற்காலியைப் போட்டு, நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். நாளைக் காலையில் கான்கிரீட் போடுகிறார்கள், போயாக வேண்டும் என்று எழுந்தீர்கள். வராந்தாவில் நின்று, "நேத்து ஏதாவது பேசினாளா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல. ஒண்ணும் பேசல" என்றேன்.

நீங்கள் தலையாட்டிவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் படியிறங்கினீர்கள். நேற்று எழுதியதைக் கிழிக்காமல் இதோடு அனுப்புகிறேன்.

அணிலின் அம்மா