நாற்பத்தேழாவது நிமிடத்துக் குடை

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மற்ற சேதி நல்லதல்ல. இவன் பேனா பிடித்துக் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. என் போன், லேப்டாப், டிஸ்க் எல்லாவற்றையும் போலீஸ்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஃபிரிட்ஜ் மேல் இருந்த ரவுட்டரைக்கூட விடவில்லை. நீ போன் செய்யாதே, மெயில் போடாதே. பதில் எழுதினால் காகிதத்தில், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சர்வர் அறை விலாசத்துக்கு எழுது. அந்த வேலை இன்னும் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் அத்தான் பெயருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நான் அக்கா வீட்டு மாடியில் இருப்பவன். இன்டர்நெட் இணைப்பு அத்தான் பெயரில். நாம் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டு ஓசியில் ஏற்றியதற்கு, பதிப்புரிமைச் சட்டத்தில் எத்தனை பிரிவு உண்டோ அத்தனையையும் அந்த மனிதர் மேல் போட்டிருந்தார்கள். அவருக்கு டவுன்லோடு பண்ணக்கூடத் தெரியாது.

எப்படி மாட்டினோம் என்று கேட்பாய். செட்டப்பில் ஓட்டை இல்லை. ஓட்டை என் வாயில். மற்ற குழுக்கள் நம் சப்டைட்டிலைச் சுட்டுத் தங்கள் பெயரில் போடுகிறார்கள் என்று, ஒவ்வொரு படத்திலும் நாற்பத்தேழாவது நிமிடத்தில், யாரும் பேசாத இடமாகப் பார்த்து, ‘குடையை எடுத்துக்கோ’ என்று அடையாளத்துக்கு ஒரு வரி ஒளித்து வைத்தோமே. போன வருடம் ஒரு குழு குடையோடு சேர்த்து அப்படியே தூக்கினபோது எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “விடுடா, திருடன் வீட்ல திருட்டுப் போச்சுன்னு எவனாவது ஸ்டேஷன்ல எழுதிக் கொடுப்பானா?” என்று நீ கேட்டாய். நான் எழுதிக் கொடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் வரிசையாகப் போட்டு, இவை அனைத்தும் எங்கள் உழைப்பு, ஆதாரம் குடை என்று இணையத்தில் ஊரறியப் பதிவு போட்டேன். இருந்த ஆத்திரத்தில் இன்டர்நெட் முகவரியை மறைக்கக்கூட இல்லை. அந்தப் படங்களின் உரிமை வைத்திருக்கும் கம்பெனியின் வக்கீல் அதை அச்செடுத்துக் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறார். “நீங்களே பட்டியல் கொடுத்துட்டீங்க தம்பி, எங்களுக்கு வேலை மிச்சம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

வீட்டு நிலவரம்: அக்கா என்னிடம் பேசுவதில்லை. என் தட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகிறாள். அத்தான் பேசுகிறார். அவர் பதிவாளர் அலுவலகத்தில் நகல் பிரிவு என்று உனக்குத் தெரியும். “நகல் வேணும்னா நாங்க ஆளுங்களை அரை நாள் வரிசையில நிக்க வைக்கிறோம். நீ கட்டில்ல படுத்துக்கிட்டே கொடுத்திருக்கியே மாப்ளே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், சொல்லிவிட்டு ரத்த அழுத்த மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். அவர் மேல் வழக்கு நிலைத்தால் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள். ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

கம்பெனி ஒரு வழி சொல்கிறது. உண்மையில் செய்தவர்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அத்தான் மேல் உள்ள புகாரைத் திரும்பப் பெறுவார்களாம். என் மேல் வழக்கு நடக்கும். நடக்கட்டும். நான் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தேன். வக்கீல் நம்பவில்லை. பதிவில் நான் ‘எங்கள்’ என்று எழுதியிருக்கிறேனாம். “இன்னொரு பேரைச் சொல்லுங்க, உங்களுக்கு லேசாப் போயிடும்” என்றார். வெறும் பந்தாவுக்கு அப்படி எழுதினேன் சார் என்றேன்.

அப்போது அந்த வக்கீல் அறையில் ஒரு அம்மாளும் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. கம்பெனிக்கு அதிகாரபூர்வமாகச் சப்டைட்டில் எழுதுபவர். நம் வரிகளையும் அவர் வரிகளையும் ஒப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நாம் எப்போதும் சொல்வோமே, நம் மொழியில் எவனும் போடாத படத்துக்குத்தானே போடுகிறோம், யார் குடியும் கெடவில்லை என்று. அவர் பன்னிரண்டு படம் எழுதி முடித்து வைத்திருந்தாராம். வெளியில் ஏற்கெனவே ஓசியில் கிடைக்கிறது என்று கம்பெனி அத்தனையையும் நிறுத்திவிட்டது.  இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த அப்பாவும் மகளும் படம், ஒரே தட்டோடு மேசையில் உட்கார்ந்திருப்பார்களே, அந்த இடம். அங்கே அப்பா சொல்வதை அவர் ‘நான் சாப்பிட்டுவிட்டேன்’ என்று போட்டிருக்கிறார். மூலத்தில் அவ்வளவுதானாம். நீ போட்டது, ‘எனக்கு ஆச்சு, நீ சாப்பிடு.’ “அந்த ஆள் பொய் சொல்றான்னு உங்களுக்கு எப்படித் தம்பி தெரிஞ்சுது? நானும் பத்து தடவை பார்த்தேன், எனக்குப் பிடிபடல” என்றார். நான் முன்னால் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த மொழியில் எனக்கு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. அவர் என்னையே பார்த்தார். அதை எழுதியவன் நான் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வக்கீலிடம் திரும்பி, “தம்பிக்குக் களைப்பா இருக்கு, அடுத்த தடவை கேட்டுக்கறேன்” என்றார். ஏன் அப்படிச் செய்தார் என்று தெரியவில்லை. அடுத்த தடவை என்பது வரும் மாதம் இருபதாம் தேதி. அன்று வக்கீல் விடமாட்டார்.

உன் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். உன்னைக் கட்டிய தங்கச்சிக்கு ஏழாவது மாதம், அந்த நாட்டில் உன் வேலை அனுமதிக்கான கடைசித் தாளும் அடுத்த மாதம் வந்துவிடும் என்றார்கள். உன் பெயரைச் சொல்வதில்லை என்று உன்னைக் கேட்காமலேயே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான், திட்டிக்கொள். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. பதிவு போட்டது நான். நீ வேண்டாம் என்றாய்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வரி எப்படி வந்தது என்று எழுது. அவன் கண்ணைப் பார்த்தாயா, கையைப் பார்த்தாயா, குரலில் ஏதாவது இருந்ததா, எல்லாவற்றையும் விவரமாக எழுது. வேறு எந்தெந்த வரியைக் கேட்பார்கள் என்று தோன்றுகிறதோ அதையும் எழுது. நானே எழுதினேன் என்று சொல்கிற மாதிரி மனப்பாடம் செய்துகொள்கிறேன். இருபதாம் தேதிக்குள் கிடைக்கிற மாதிரி அனுப்பு.

குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். தங்கச்சியிடம் எதுவும் சொல்லாதே. இந்த வருடம் ஊர்ப்பக்கம் வராதே. இதைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
நம் குழுவில் இருந்த ஒரே ஆள்