கேரட் பெட்டியின் இரண்டு கொக்கிகள்

ஓல்டன்பர்க்,
பிப்ரவரி 9

அன்பு மகள் இன்கேவுக்கு,

அப்பா எழுதுவது. கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி மெர்லேயும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம், அவள் முழங்கால்கூட இந்தக் குளிரைப் பொறுத்துக்கொண்டுவிட்டது. நானும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில், மெர்லே பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். "வேண்டாம்னுட்டேன்பா, எனக்குப் பொறுப்பு பத்தாது, ஏற்கெனவே ஒரு பாம்பைக் கொன்னது போதும்" என்றாய், அதையும் சிரித்துக்கொண்டுதான். நான் இங்கே பனி கொட்டுகிறது என்று பேச்சை மாற்றினேன்.

உன் பாம்பு கேரட்டை நான் மறக்கவில்லை இன்கே. விஷமில்லாத சோளப் பாம்புதான் என்று கடைக்காரர் சொல்லியும் ஒரு மாதம் உன் அறைப் பக்கமே நான் வரவில்லை. பதினொரு வயதில் நீயாகத்தான் அதைப் பழக்கினாய். முதல் இரண்டு வாரம் தொடவே இல்லை, நீ போட்டுக் கழற்றிய பனியனை அதன் பெட்டிக்குள் வைத்தாய், உன் வாசனை அதற்குப் பழக வேண்டுமாம். பிறகு தினமும் சாயங்காலம் ஒரு கையை உள்ளே அசையாமல் வைத்துக்கொண்டு மறு கையால் வீட்டுப்பாடம் எழுதுவாய். மேலிருந்து தூக்கினால் பருந்து என்று மிரளும், பக்கவாட்டில் கை கொடு என்று எனக்கே பாடம் எடுத்தாய். "உனக்குப் பயமா, அதுக்குப் பயமா, முதல்ல முடிவு பண்ணுப்பா" என்று கேலி வேறு. அதற்குத் தீனியாக உறைந்த எலிக்குஞ்சை நீ வெந்நீரில் இளக்கிய கிண்ணத்தில் அம்மா தெரியாமல் சூப் ஊற்றியதை யாரிடமும் சொல்ல அவள் இன்றும் விட மாட்டாள். கடைசியில் உன் சட்டைக் கைக்குள் புகுந்து கழுத்து வழியே அது எட்டிப் பார்த்த அன்று நானும் விரலை நீட்டினேன், சுற்றிக்கொண்டது.

அந்த ஜனவரிக் காலை நீ பள்ளிக்குப் போன பிறகு, வழக்கம்போல ஹீட்டரை அணைத்துவிட்டு உன் அறை ஜன்னல்களை அகலத் திறந்தேன். ஐந்து நிமிடக் காற்றோட்டம், நம் வீட்டில் தினமும் நடப்பதுதான். பெட்டியும் நாற்றமடிக்கிறதே என்று அதன் மூடியையும் எடுத்து வைத்தேன். அதற்குள் வாசல் பனியை வழிக்கவில்லையே என்ற நினைப்பு, யாராவது வழுக்கி விழுந்தால் பழி நம் தலையில்தானே. மண்வாரியோடு இறங்கியவன் எதிர்வீட்டு ஹின்ரிக்ஸோடு பேச்சில் நின்றுவிட்டேன், ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்தபோது கேரட் ஜன்னல் திரைக்கடியில் குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது. என் சட்டைக்குள் வைத்து வெகுநேரம் சூடு கொடுத்தேன். அசையவில்லை.

நீ வந்து கேட்டபோது என் வாயில் வந்தது, "பெட்டிக் கொக்கியை நீ சரியாப் போடலம்மா." நீ அழக்கூட இல்லை. "ரெண்டும் போட்டேன்னுதான் நெனச்சேன்" என்றாய், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டுக் கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நீ வெளியே போனதில்லை. விருந்தாளிகள் அதைப் பார்த்துச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், வெட்கம் கெட்டவன். அம்மாவுக்குத் தெரியும். "நீ செஞ்ச வேலை, நீதான் சொல்லணும். உனக்காக நான் வாயத் திறக்க மாட்டேன்" என்று அன்றே சொன்னாள். இருபத்தொன்பது வருடமாக நான் ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்க்கிறாள்.

போனில் சொன்னால் நீ உடனே பரவாயில்லப்பா என்பாய், அதற்குப் பயந்துதான் எழுதுகிறேன். அவசரப்பட்டு மன்னிக்காதே, நன்றாகக் கோபப்படு. மெர்லேவுக்குப் பாம்பு வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம், ஆனால் பொறுப்பு பத்தாது என்று மட்டும் அவளிடம் சொல்லாதே. நம் வீட்டில் உன்னைவிடக் கவனமான கை இருந்ததில்லை.

அந்த ஊர்க் குளிரில் தொப்பி இல்லாமல் வெளியே இறங்காதே. மெர்லேவுக்கு எங்கள் முத்தம். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். மற்றதை மறந்தாலும் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: அன்று காலை இரண்டு கொக்கியும் போட்டிருந்தது. நான்தான் கழற்றினேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹார்ம்