மூஞ்சியைப் பதியமாட்டேன்

புதுப்பாளையம், கடலூர்.
தவக்காலம், ஞாயிறு பூசை முடிந்து.

அன்பு மகள் ஜெனிபருக்கு அப்பா மரியலூர்து எழுதுவது. மாதா தயவில் நானும் அம்மாவும் தங்கச்சி ஜான்சியும் இங்கே திடமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோலத் திடமாக இருக்க வேண்டுமென்று ஜெபமாலையில் தினம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் முடிக்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "விட்டுடுங்கப்பா, போட்டோவக் குடுத்துட்டுப் போங்கப்பா" என்கிறாய், காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அதற்குத்தான். பத்தாவதில் பெயிலான கையெழுத்து, ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழித்துப் பழகின கை, கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துப் படி.

நடந்ததில் பாதியை அம்மா சொல்லியிருப்பாள், மீதியை ஜான்சி அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், முழுசாக நான் சொல்கிறேன். சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற கல்யாணப் புடவையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும், பெண் வீட்டார் கூடப் போய் நின்று தலையாட்டுவதோடு சரி, நம் வழக்கம் உனக்குத் தெரியும். அவர்கள் சேத்தியாத்தோப்பிலிருந்து வர, நாங்கள் கடலூரிலிருந்து போக, இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிதம்பரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை என்று முடிவானது. கடையின் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம். ஜான்சிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை ஆரோக்கிய பிரபுவும் அவர் அம்மா ஜோதி மேரியும் முன்னால் போனார்கள், பின்னால் அம்மாவும் ஜான்சியும், கடைசியில் நான். வாசலில் கேமரா இருப்பது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இருக்கிற நாலு முடியையும் சீவிக்கொண்டு போயிருப்பேன். சம்பந்தியம்மா சந்தனக் கலர் பட்டு ஒன்றை விரித்து ஜான்சி தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது செக்யூரிட்டி வந்து "சார், கொஞ்சம் உள்ள வாங்க" என்றான். எனக்கு ஏதோ குலுக்கலில் குக்கர் விழுந்துவிட்டதென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன். உள்ளே கண்ணாடி அறையில் உட்கார வைத்து மேனேஜர் சொல்கிறார், வேறொரு ஊரில் இருக்கிற எங்கள் கடையில் பட்டுப்புடவையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போன ஆள் நீங்கள்தான் என்று சிஸ்டம் சொல்கிறது என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புடவையைக் கையில் பிடித்தபடி சம்பந்தியம்மா நிற்கிறார்கள், மாப்பிள்ளை நிற்கிறார், ஜான்சி நிற்கிறாள், கடையே நிற்கிறது.

கம்ப்யூட்டரில் இரண்டு மூஞ்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதே வழுக்கை, அதே மீசை, அதே சோடா புட்டிக் கண்ணாடி. நான் எப்போது அந்த ஊருக்குப் போனேன் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் அம்மா செக்யூரிட்டியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து ஒரு பார்வைதான் பார்த்தாள். "இந்த ஆளுக்குக் காது ஒட்டிக்கிட்டு இருக்கு, எங்க ஊட்டுக்காரருக்கு அண்டா புடி மாதிரி ரெண்டு பக்கமும் தூக்கிக்கிட்டு இருக்கு, கண்ணு தெரியலியா ஒங்களுக்கு" என்று பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைத் திட்டிய வாய் அன்றைக்கு எனக்காகத் திட்டியதைக் கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா, காதைப் பற்றிச் சொன்னதைக்கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் பார்த்தார், காது வேறுதான் என்று அவருக்கும் தெரிந்தது. "ஸாரி சார், சில நேரம் அப்பிடித்தான் காட்டும்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம், மூக்குக்கும் உதட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அது அளந்து நம்பராக்கி வைத்துக்கொள்ளுமாம், என் நம்பரும் அவன் நம்பரும் கிட்டத்தட்ட வந்துவிட்டதாம். டெய்லர் எடுத்த ஒரே அளவுச் சட்டை இரண்டு பேருக்குச் சேரும், அதற்காக இரண்டு பேரும் ஒரே ஆளா என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் அந்த யோசனையைச் சொன்னார். நேராக ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று போட்டோ கொடுத்து நல்ல கஸ்டமர் என்று பதிந்துகொண்டால் இனிமேல் அது கத்தாதாம், கல்யாணப் புடவையில் தள்ளுபடியும் தருவாராம்.

இங்கேதான் நீயும் நானும் சண்டை. அஞ்சு நிமிஷ வேலை என்கிறாய் நீ. உன் போனே உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் திறக்கிறது, ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டால் திறக்கமாட்டேன் என்கிறது என்று நீயே சொன்னாய். அது உன் போன், உன் விருப்பம். இது என்ன கதை? திருடினவன் ஒருத்தன், தப்பாகச் சொன்னது மெஷின், மூஞ்சியைக் கொடுக்க வேண்டியது நானா? திருடன் இல்லை என்பதற்கு நான் போய்ப் பதிந்துகொள்ள வேண்டுமா? நாளைக்கு நகைக்கடையில் பதி, நாளன்றைக்குத் தியேட்டரில் பதி என்பார்கள். பதியாத மூஞ்சியெல்லாம் அப்போது திருட்டு மூஞ்சியா? உள்ளே கூப்பிட்டது கடை முழுக்கத் தெரிய, ஸாரி மட்டும் எனக்கு மட்டும் கேட்க. அதை வெளியே வந்து சம்பந்தி முன்னால் சொல்லுங்கள், அவன் படத்தோடு என்னைச் சேர்த்ததை அழியுங்கள் என்றேன். தலைமை ஆபீசைக் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மெஷின் தப்புச் செய்ததற்காக எனக்குக் கோபமில்லை, அதை நீ புரிந்துகொள். மூஞ்சி விஷயத்தில் உன் அப்பனைப் போலத் தடுமாறுகிறவன் கடலூர் ஜில்லாவில் கிடையாது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஏறின உன் அம்மாவிடமே "எங்கம்மா போவணும்" என்று கேட்டு, "ஒங்க ஊட்டுக்குத்தான்" என்று அவள் சொல்ல, கடலூர் வரைக்கும் பஸ்ஸே சிரித்துக்கொண்டு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் நான் ஆளை மாற்றிப் பேசினால் எதிராளி என்னைத் திட்டலாம், நான் பல்லைக் காட்டி மன்னிப்புக் கேட்கலாம், அதோடு தீர்ந்தது. அந்தப் பெட்டியை யார் திட்டுவது? தேவனாம்பட்டினத்திலிருந்து மீன்கூடையோடு ஏறுகிற அமராவதி அக்காவிடம் இதைச் சொன்னேன். "கண்டக்டரே, ஒங்க மூஞ்சிய யாரு பாத்தா, சில்லறைய எறங்கும்போது தரேன்னு இழுப்பீங்களே, அந்தக் கொரல வச்சே கும்மிருட்டுலகூட ஒங்களப் புடிச்சிடுவேன்" என்றது. இதல்லவா அடையாளம்.

இப்படி வீரமாக எழுதுகிறேனே தவிர, உள்ளே எனக்கும் உதறல்தான். அன்றைக்குச் சம்பந்தியம்மா புடவையை அந்தக் கடையிலேயே குஞ்சம் கட்டக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சேத்தியாத்தோப்பு பஸ் ஏறிப் போய்விட்டார்கள். அப்புறம் போனும் இல்லை, எடுக்கவும் இல்லை. திருட்டுப் பழி விழுந்த வீட்டில் பெண் எடுப்பதா என்று நினைத்துவிட்டார்களோ என்று ஜான்சி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். போய்ப் போட்டோவைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகுமோ என்று அவளுக்காக ஒரு நாள் சட்டையைக்கூட மாட்டிவிட்டேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, கழற்றிக் கொடியில் போட்டேன்.

நேற்று சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தியம்மா மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பேச்சை முறித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்கள் என்ற பதற்றத்தில் அம்மா காபிக்குப் பதில் சுடுதண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தியம்மா தம்ளரைத் தொடவில்லை. "சம்பந்தி, போட்டோ குடுத்துட்டீங்களா" என்று கேட்டார்கள். இல்லை, கொடுக்கவும் மாட்டேன், உங்களுக்கு அது குறையாகத் தெரிந்தால் நான் என்ன செய்ய என்றேன். "குடுத்திருந்தீங்கன்னாதான் நான் யோசிச்சிருப்பேன்" என்றார்கள். அப்புறம் சொன்னார்கள், "அன்னிக்கு எல்லாரும் மெஷினப் பாத்தாங்க, நானும் மெஷினத்தான் பாத்தேன், ஒங்க மூஞ்சிய ஒரு வாட்டி பாக்கல. பாத்திருந்தா அங்கயே செருப்பக் கழட்டியிருப்பேன். அந்த வெக்கத்துலதான் போன் பண்ணல, வாயத் தொறந்தா அழுதுடுவேன்." மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு "மன்னிச்சுடுங்க மாமா" என்றார். ஜான்சி அடுப்படியில் எதையோ தடாலென்று கீழே போட்டாள், அது சந்தோஷச் சத்தம் என்று எனக்குத் தெரியும்.

அதோடு விடவில்லை அந்த அம்மா. புடவை வருகிற சனிக்கிழமை தயாராகிறதாம். "வழக்கப்படி அத நாங்கதான் எடுக்கணும், இந்த வாட்டி நீங்க உள்ள போயி ஒங்க கையால வாங்கி என் கையில குடுங்க, அப்புறம்தான் சாமியார்கிட்ட போவும்" என்று சொல்லிவிட்டார்கள். ஆக, சனிக்கிழமை இரண்டு வீடும் சேர்ந்து போகிறோம், அம்மாவைத் தடுக்க முடியாது, அமராவதி அக்காவும் வருகிறேன் என்கிறது. நான் காக்கிச் சட்டையோடு முதல் ஆளாக அந்தக் கேமராவுக்கு நேரே நிமிர்ந்து போகப்போகிறேன், காதை மறைக்காமல். அது கத்தினால் கத்தட்டும், என் பாக்கெட்டில் விசில் இருக்கிறது, நானும் இரண்டு ஊது ஊதி, போலாம் ரைட் என்று உள்ளே போவேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் "இவரு அவரில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் புடவையைக் கொடுக்க வேண்டும். சொல்லும்வரை அங்கேயே நிற்பேன், பஸ்ஸில் நின்றே பழகின கால் இது.

ஆகையால் இனிமேல் போட்டோ கொடுங்கப்பா என்று நீ சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் தூங்கிவிடாதே, அங்கே என்னை மாதிரி எழுப்பி இறக்கிவிடுகிற கண்டக்டர் இருக்கமாட்டான். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவர் குறையொன்றும் வைக்காமல் காக்கட்டும், வேளாங்கண்ணி மாதா கூடவே நடக்கட்டும். முக்கியமான ஒன்று. ஈஸ்டர் முடிந்து கல்யாணத்துக்கு நீ வரும்போது நான்தான் ஏர்போர்ட் வருவேன். முடியை வெட்டிக்கொண்டு நீ அனுப்பிய படத்தைப் பார்த்து, யாரோ வெள்ளைக்காரி சிநேகிதி என்று நினைத்துவிட்டேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே. அதனால் நான் உன்னைக் கண்டுபிடிப்பேன் என்று நின்றுகொண்டிருக்காதே. கூட்டத்தில் தூக்கின இரண்டு காது தெரியும், அதைப் பார்த்து "அப்பா" என்று ஒரு குரல் கொடு. திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு, எந்தக் கடையிலும் பதியாத உன் அப்பா,
மரியலூர்து